நான் கட்டும் முன்பே இருந்த தடம்

அந்த அக்காவின் கையைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய ரத்தத்தைப் பார்த்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது சாதாரணம். எங்களுக்கு ஒரு மனிதர் முதலில் ஒரு குப்பியாகவும், குப்பியின் மூடி நிறமாகவும், திரையில் சில எண்களாகவும்தான் வருவார். முகம் வருவதே இல்லை.

மலாய் நாட்டின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அப்போது எனக்கு வேலை. ஒருநாள் காலை, மறுநாள் அறுவை சிகிச்சைக்காக வார்டில் சேரவிருந்த ஒரு பெண்ணின் ரத்தம் வந்தது. பொட்டாசியம் மிக அதிகம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த மயக்க மருந்து நிபுணரும் ஊசியைத் தொடமாட்டார். மேசையில் படுத்திருக்கும்போதே இதயம் தடுமாறி நின்றுவிடலாம். நான் பதறவில்லை. பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்த்தேன். ரத்த அணுக்கள் உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டியிருந்தால் மேலே தெளியும் நீர் சிவந்திருக்கும். இதுவோ வைக்கோல் நிறத்தில் கண்ணாடிபோல இருந்தது. எடுத்த நேரத்துக்கும் எங்களிடம் வந்த நேரத்துக்கும் இடைவெளி அதிகமில்லை. இயந்திரத்தில் சோதனை மாதிரியை ஓட்டினேன், சரியாகக் காட்டியது. அந்தப் பெண்ணின் ரத்தத்தை மறுபடி ஓட்டினேன், அதே எண். வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. அது இரண்டாவது முறை என்று வார்டில் சொன்னார்கள்.

என் வேலை அதோடு முடிந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. அந்தப் பெண்ணின் சிறுநீரக எண்கள் அனைத்தும் நன்றாக இருந்தன. பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று குறிப்பு சொன்னது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? இயந்திரத்தில் தவறில்லை, குப்பியில் தவறில்லை என்றால், குப்பிக்குள் வருவதற்கு முன்பு ஏதோ நடந்திருக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் இடத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து பார்க்க முடியாது. அதனால் அந்தச் சந்தேகம் அப்படியே நின்றுபோனது.

சில வாரங்களில், ஆள் பற்றாக்குறை என்று என்னைக் கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். தண்டனைபோல நினைத்துப் போனேன். போன இரண்டாவது நாளே பிடித்துவிட்டது. மூன்று சாய்வு நாற்காலிகள், வெளியே நம்பர் காட்டும் திரை, சுவரில் ரத்தம் எடுப்பதற்கான வழிகாட்டி. அந்த வழிகாட்டி நான் போவதற்கு முன்பே அங்கே இருந்தது. அதன் மேல் ஒரு காலண்டர் தொங்கியது. காலண்டரைப் பக்கத்து ஆணிக்கு மாற்றினேன். ஆளைப் பெயர் சொல்ல வைப்பது, கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதிருப்பது, மருந்து ஏறும் கையில் எடுக்காதிருப்பது, மூடி நிறங்களின் வரிசையை மாற்றாதிருப்பது, நோயாளி எழுந்து போவதற்கு முன் குப்பியில் பெயர் ஒட்டுவது. எனக்கு இவை மனப்பாடம். மேலே இருந்தபோது, இவற்றில் ஒன்று பிசகினால் எண் எப்படி இருக்கும் என்று தினமும் பார்த்தவள் நான்.

அறைக்குப் பொறுப்பான சிஸ்டர் நம் தமிழ் ஆள்தான். பல ஆண்டு அனுபவம், வேகமான கை. என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சொன்னார்:

"நீ ரத்தம் எடுக்கிறியா, இல்ல பரீட்சை எழுதுறியா?"

"ரெண்டும்தான் சிஸ்டர்."

"பாஸாயிட்டா சொல்லு. வெளிய அறுபது பேரு காத்திருக்காங்க."

ஒரு திங்கட்கிழமை காலை என் நாற்காலிக்கு அந்த அக்கா வந்தார். நாற்பதுகளின் நடுவில் இருப்பார். வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டே நடந்தார். திரையில் அவருடைய விவரத்தைத் திறந்தேன். பழைய முடிவுகள் வரிசையாக வந்தன. பெயரையும் அந்தப் பொட்டாசியம் எண்ணையும் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வைக்கோல் நிறத்தில் கண்ணாடிபோல இருந்த அந்தக் குப்பியின் முகம் இதுதான்.

"உங்க முழுப் பேரும் ஐசி கார்டு நம்பரும் சொல்லுங்கக்கா."

"எல்லாந்தான் கார்டுல இருக்கே மிஸ்ஸி."

"கார்டு பேசாதுக்கா. நீங்கதான் பேசணும்."

சிரித்துவிட்டுச் சொன்னார். சிரித்ததும் வலித்தது போலும், விலாவை அழுத்திக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நர்ஸ், ஆய்வுக்கூடத்துப் பெண், மருந்து கொடுப்பவர் என்று பார்ப்பதில்லை. வெள்ளை உடை போட்டிருந்தால் எல்லாரும் மிஸ்ஸிதான். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் அவர் சமையல்காரர். பித்தப்பை முழுக்கக் கல். கொதிக்கும் எண்ணெயின் வாடை வந்தாலே குமட்டுகிறது என்றார். ஒருமுறை அடுப்பருகிலேயே வலியில் சுருண்டு விழுந்திருக்கிறார். மறுபடி ஒரு முறை சீழ் பிடித்தால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டு முறை பையோடு வந்து, இரண்டு முறையும் பையோடு திரும்பிப் போயிருக்கிறார்.

"இன்னிக்கு ரத்தம் சரியா இருந்துச்சின்னா மத்தியானமே வார்டு, நாளைக்குக் காலைல ஆபரேஷன். சரியில்லன்னா மொத கிட்னி டாக்டரப் பார்க்கணுமாம். அங்க தேதி எப்ப கிடைக்கும்னு அவங்களுக்கே தெரியலயாம். இந்த வலியோட நான் இன்னும் எத்தன மாசம் மிஸ்ஸி இருக்கிறது?"

பட்டையை எடுத்துக்கொண்டு அவருடைய வலது கைச் சட்டையை மேலே தள்ளினேன்.

முழங்கைக்கு மேலே, நான் பட்டை கட்டும் அதே இடத்தில், ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. ஒரு விரல் அகலத்தில், கையைச் சுற்றிலும் பள்ளமாக. தோல் இன்னும் எழும்பி வரவில்லை. அதற்குக் கீழே, முழங்கை மடிப்பில், நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நான் இன்னும் எதையும் கட்டவே இல்லை.

"அக்கா, இன்னிக்கு வேற எங்கயாவது ரத்தம் எடுத்தாங்களா?"

"இல்லயே."

"பிரஷர் பார்த்தாங்களா?"

"இல்ல மிஸ்ஸி. பெரி கப்பல்லருந்து எறங்குனோம், நேரா இங்கதான்."

"அப்ப இது என்ன?"

யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "அது ஒண்ணுமில்ல. சட்ட கொஞ்சம் டைட்டு."

சட்டை தொளதொளவென்று இருந்தது. அவருடைய இன்னொரு கை மடியில் மூடியபடி கிடந்தது. திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு சின்ன ரப்பர் பந்து. பிடிபட்டதும் அவர் தயங்காமல் கணவரைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

"இவரு வெளிய உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க."

நான் பட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் போய் அவருடைய கணவரைக் கூப்பிட்டேன். பெரிய உருவம். கைகளை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத கறுப்பு விரல் ரேகைகளில் ஒட்டியிருந்தது. ஜுருவில் டயர் கடையில் வேலை என்று மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தார். உள்ளே வந்து மனைவியின் சட்டைக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாட்டிக்கிட்டியா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒழுங்கா மறைக்கத் தெரியல உங்களுக்கு. இப்ப என்னைக் கேக்குறீங்க."

"அண்ணே, திட்டுறதுக்குக் கூப்பிடல," என்றேன். "என்ன செய்றீங்கன்னு தெரியணும், அவ்வளவுதான்."

கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். மோட்டார் சைக்கிள் டியூப். ஒரே அளவாக வெட்டி, ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கி, சோப்புப் போட்டுக் கழுவியிருந்தது.

"லோரி டியூப் தடிமன். கையப் புடிக்கும். இது நைசா இருக்கும்," என்றார். தயக்கம் போய், தன் வேலையைக் காட்டும் மனிதரின் குரல் வந்துவிட்டது. "மொத மொத வந்தப்ப இவளுக்கு நரம்பு கிடைக்கல மிஸ்ஸி. இந்தக் கையில குத்தி, அந்தக் கையில குத்தி, ரெண்டு கையும் நீலம். திரும்பிப் போறப்ப பெரியில அழுதுக்கிட்டே வந்தா. எனக்குப் பார்க்க சூசா, கஷ்டமா இருந்துச்சி. அப்புறந்தான் யோசிச்சேன். நம்ம நம்பர் வர்றதுக்கு ஒரு நாலஞ்சு நம்பர் இருக்கிறப்பவே கட்டிருவேன். இவ பந்தப் புடிச்சி அமுக்கிக்கிட்டே இருப்பா. நம்பர் கூப்பிட்டதும் அவுத்துப் பையில போட்டுருவேன். நரம்பு கயிறு மாதிரி எழும்பி நிக்கும். அப்புறம் ரெண்டு தடவ வந்தோம், ரெண்டு தடவயும் ஒரே குத்து. நல்ல நரம்புன்னு மிஸ்ஸிங்களே சொன்னாங்க லா."

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். முதல் முறை, இரண்டு கையும் நீலமான அந்த நாளில் எடுத்த ரத்தத்தில், பொட்டாசியம் சரியாக இருந்தது. ஒரே குத்தில் கிடைத்த இரண்டு முறையும்தான் உயர்ந்திருந்தது.

அந்த நொடியின் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? கூட்டல் கணக்கில் விடை கிடைக்காமல் மேலிருந்து கீழ்வரை பலமுறை போட்டுப் பார்த்துவிட்டு, எங்கோ ஒரு எண்ணை இரண்டு முறை சேர்த்திருப்பதைக் கண்டுபிடிக்கும்போது உடம்பு லேசாகுமே, அதைப்போல. ஆனால் எதிரே இருப்பவர் கணக்கு அல்ல. அவரைக் குத்தாமல் இதைச் சொல்ல வேண்டும்.

"அண்ணே, கையை இறுக்கிக் கட்டிட்டு தசைய வேல வாங்குனா, தசைக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய வரும். எல்லாருக்கும் வரும். கட்டு இல்லன்னா ரத்தத்தோட ஓடிக் கலந்துரும். கட்டியிருந்தா அங்கயே தேங்கும். நீங்க அவுத்த கையோட நாங்க மறுபடி கட்டிருவோம். நாங்க அந்தத் தேங்குன ரத்தத்த எடுத்துட்டு, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்குன்னு நெனச்சிருப்போம்."

அவர் டியூப் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடி வந்த டயர்ல காத்து அளக்கிற மாதிரி," என்றார் கடைசியில். "சூட்டுல கூடத்தான் காட்டும். ஆறவிட்டு அளக்கணும்."

"அதேதான்."

"அப்ப ரெண்டு தடவயும் தள்ளிப்போனது என்னாலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி பதில் சொன்னார். "ஆமா, உங்களாலதான். வாழப்பழத்தக் கண்ணுல காட்டல. எளநி கூடாது. கீரைய வேக வச்சித் தண்ணிய வடிச்சிக் கொட்டிட்டு சக்கையக் குடுத்தீங்க. நான் ஒரு சமையக்காரி. சக்கையத் தின்னுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் கையை நீட்டிக் கணவரின் முன்கையைத் தொட்டார்.

"நான் இன்னும் உறுதியா சொல்லல," என்றேன். "அப்படித்தான் இருக்கணும்னு நெனக்கிறேன். நெனப்ப வச்சி ஆபரேஷன் செய்ய முடியாது. பொட்டாசியம் உண்மையிலயே கூட இருந்தா அது அக்காவுக்கு ஆபத்து. அதனால ஆறவிட்டு, சரியா எடுத்து, பார்ப்போம்."

இதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். என் நாற்காலியில் ஒருவரே நெடுநேரம் இருந்ததால், வெளியே நம்பர் நகரவில்லை. மலாயில் ஒருவர் முணுமுணுப்பது உள்ளே வரை கேட்டது. சிஸ்டரைச் சற்றுத் தள்ளி அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"இன்னொரு கையில எடுத்துடேன்."

"அந்தக் கையிலயும் பந்து அமுக்கியிருக்காங்க. அரை மணி நேரம் ரெண்டு கையும் சும்மா இருக்கட்டும் சிஸ்டர். அதுக்குள்ள மத்தவங்கள நான் பார்த்துடுறேன்."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அறுவை சிகிச்சை மாதிரிகளைப் பத்து மணிக்குள் மேலே கொடுத்தால்தான் மதியத்துக்குள் முடிவு வரும். வராவிட்டால் அந்தப் படுக்கை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

"சரி," என்றார். "ஆனா இவங்க நரம்ப நான் பார்த்திருக்கேன். மொத தடவ குத்துனதுல நானும் ஒரு ஆளு. பந்தும் இல்லாம, கையும் மூடாம, உனக்குக் கிடைக்குமா?"

"பார்க்கிறேன்."

"ரெண்டு குத்துதான் உனக்கு. அதுக்கு மேல வேற ஆளு. வேற ஆளு இன்னிக்கு இல்ல, நான் கவுன்டர்ல மாட்டிக்குவேன். டாக்டரு எல்லாரும் ஆபரேஷன் தியேட்டர்ல. ரெண்டு குத்துக்கு மேல கூடாதுன்னு சொல்றது நான் இல்ல, உன் செவுரு." காலண்டருக்குப் பக்கத்தில் இருந்த வழிகாட்டியைக் கண்ணால் காட்டினார்.

அக்காவை ஓரத்து நாற்காலிக்கு மாற்றினேன். மடியில் ஒரு தலையணையை வைத்து இரண்டு கைகளையும் அதன்மேல் உள்ளங்கை மேலாகக் கிடத்தினேன். குடிக்க வெந்நீர் கொடுத்தேன். பட்டினி இருக்க வேண்டியது இரவிலிருந்துதான். நனைத்துப் பிழிந்த சூடான துண்டை இரண்டு முன்கைகளிலும் சுற்றினேன். பிறகு கணவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு வேல. அக்கா விரல மூடாமப் பார்த்துக்கணும். அசைக்கவே கூடாது."

தன்னிடம் மறுபடி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில் அவர் முகம் தெளிந்தது. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, கடையில் பெரிய வண்டியைத் தூக்கி வைத்திருக்கும்போது ஜாக்கியைக் கவனிப்பவரைப்போல உட்கார்ந்துகொண்டார். நான் மற்றவர்களுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர்கள் பேச்சு கேட்டது.

"விரல ஆட்டாத."

"நான் ஆட்டல. மூக்கு அரிக்குது."

"எங்க, நான் சொறியிறேன்."

"அங்க இல்ல. கீழ. உங்க கையில டயர் நாத்தம் அடிக்குது."

என் நாற்காலியில் இருந்த சீனப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

அரை மணி நேரத்துக்குப் பின் துண்டுகளை எடுத்தேன். தடம் மறைந்துவிட்டிருந்தது. கயிறுபோல நின்ற நரம்பும் மறைந்துவிட்டிருந்தது. இரண்டு முழங்கை மடிப்புகளும் வெறுமையாக, ஒன்றும் எழுதாத பக்கம்போல இருந்தன. சிஸ்டர் கவுன்டரை ஒரு நிமிடம் விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றார்.

முதலில் வலது கை. கண்ணால் பார்த்துப் பயனில்லை என்று விரல்நுனியால் தேடினேன். ஆழத்தில் ஒன்று மெத்தென்று அமுங்கி எழுந்தது. பட்டை இல்லாமலே முயன்றேன். ஊசி உள்ளே போனது; நரம்பு வழுக்கி விலகியது. ஒரு துளிகூட வரவில்லை. வெளியே எடுத்துப் பஞ்சை வைத்தேன்.

அக்கா கண்ணை மூடியிருந்தார், கண்ணோரம் நனைந்திருந்தது. கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஒரு குத்து மிச்சம் இருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் என் மனம் வேகமாகாது, மெதுவாகும். என்னிடம் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். இடது கை இருக்கிறது. இறக்கை வைத்த மெல்லிய ஊசி இருக்கிறது; ரத்தம் மெதுவாக வரும், ஆனால் சிறிய நரம்புக்கு அதுதான் ஏற்றது. பட்டையைக் கட்டவே கூடாது என்று வழிகாட்டி சொல்லவில்லை. நீண்ட நேரம் கட்டக்கூடாது, கையை அமுக்கவைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. லேசாகக் கட்டி, ரத்தம் தெரிந்த உடனே அவிழ்த்தால் போதும்.

இடது முன்கையின் வெளிப்பக்கம், யாரும் பெரும்பாலும் தேடாத இடத்தில், விரல்நுனிக்கு மட்டும் தெரியும் ஒரு நரம்பு இருந்தது. அதை அழுத்தி விட்டேன், திரும்பி எழுந்தது. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் எழுந்தது. பட்டையைத் தளர்வாகக் கட்டினேன். தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து நரம்பு விலகாமல் நிறுத்தினேன். ஊசியைத் தாழ்வாக வைத்து உள்ளே செலுத்தினேன்.

மெல்லிய குழாயில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

உடனே பட்டையை அவிழ்த்தேன். ரத்தம் நிற்கவில்லை. மெதுவாக, ஆனால் விடாமல் வந்தது. பின்னால் சிஸ்டர் மூச்சு விடுவது என் கழுத்தில் பட்டது.

வெளிர்நீல மூடி முதலில், அடுத்து மஞ்சள், கடைசியில் ஊதா. இந்த வரிசையை அன்று என் உயிரைப்போலக் காத்தேன். ஊதாக் குப்பியின் உள்ளே இருக்கும் மருந்தே ஒரு பொட்டாசிய உப்பு. அதில் ஒரு துளி மஞ்சளுக்குப் போனால்கூட இவ்வளவும் வீண். மஞ்சள் குப்பி பாதி நிரம்பியபோது ஓட்டம் இன்னும் மெதுவானது. அக்காவின் விரல்கள், உதவி செய்யும் பழக்கத்தில், மெல்ல மடங்கத் தொடங்கின.

"அக்கா, கை தூங்கட்டும்."

"தூங்கு," என்றார் கணவர் சுவரைப் பார்த்தபடியே. விரல்கள் விரிந்தன.

குப்பி நிறைந்தது. ஊதாவும் நிறைந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினேன். குப்பிகளைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். அக்காவை மறுபடி பெயரும் எண்ணும் சொல்ல வைத்து, அவர் கண்முன்னாலேயே ஒட்டினேன். மேலே அனுப்பும் காற்றுக் குழாயில் போடவில்லை. அதன் வேகத்தில் அணுக்கள் உடைய வாய்ப்புண்டு. கையில் கொண்டுபோக ஆள் தேட வேண்டும் என்று நிமிர்ந்தபோது சிஸ்டர் பையை வாங்கிக்கொண்டார்.

"நானே கொண்டு போறேன். நீ அடுத்த நம்பரக் கூப்பிடு." கதவருகே நின்று, திரும்பாமல் சொன்னார்: "பாஸு."

மணி பத்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது.

அறுவை சிகிச்சை டாக்டரைத் தொலைபேசியில் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டார். எவ்வளவு நேரம் கட்டியிருந்தார்கள், முதல் முடிவு எப்படி இருந்தது என்று இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு, முடிவு வரட்டும், வார்டிலும் இதே முறையில் ஒருமுறை எடுத்து உறுதி செய்துகொள்வோம், இரண்டும் சரியாக இருந்தால் நாளைக் காலை முதல் ஆள் இவர்தான் என்றார். எடுப்பவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பொட்டாசியத்துக்கு அவரும் மாதக்கணக்கில் காரணம் தேடியிருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

பதினொன்றரை மணிக்குத் திரையில் முடிவு வந்தது. பொட்டாசியம் நான்கு புள்ளி ஒன்று.

இதைவிட அழகான எண்ணை நான் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர்கள் இருவரும் பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம், பத்தடிதான். ஆனால் முடிவை நோயாளிக்குச் சொல்வது டாக்டரின் வேலை, என்னுடையது அல்ல. கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை அசைக்காமல் அடுத்த ஆளின் கையில் பட்டையைக் கட்டினேன். மேசைக்கு அடியில், காலணிக்குள், என் கால் விரல்கள் மட்டும் ஒரு கொண்டாட்டம் நடத்திக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்திருக்க முடியாது.

டாக்டரின் அறையிலிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அக்கா முன்னால் நடந்தார், விலாவில் கை வைத்தபடி. ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது. கணவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் கதவில் தலையை நீட்டினார்.

"மிஸ்ஸி, டயர் ஆறிருச்சி," என்றார்.

"மேல வார்டுல ரத்தம் எடுக்கிறப்ப?"

"கட்ட மாட்டேன். பந்து வேணாம். கை தூங்கணும்." பள்ளிப் பிள்ளைபோல ஒப்பித்துவிட்டுப் போனார்.

வார்டில் எடுத்த ரத்தமும் சரியாகவே வந்தது.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது, காத்திருக்கும் கூடத்தில் சிஸ்டர் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவருடைய கையையும் பார்த்துக்கொண்டே போனார். ஒரு மலாய்க்கார மாமாவிடமிருந்து மசாஜ் பந்து ஒன்றைப் பணிவாகக் கேட்டு வாங்கினார். நரம்பு கிடைக்கட்டும் என்று விடியற்காலையிலிருந்து கையை மூடித் திறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைச் சும்மா உட்காரச் சொன்னார். நம் டயர்க்காரர் மட்டுமல்ல, பல பேர் இப்படி அன்போடு தயாராகி வந்துகொண்டிருந்தார்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிற்பகலுக்குள் கூடத்துச் சுவரில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு ஏறியது. தமிழ் வாசகம் என்னுடையது. 'கையைக் கட்டாதீர்கள், அமுக்காதீர்கள். நரம்பைத் தேடுவது எங்கள் வேலை.' சிஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

மாலை, வேலை முடிந்து வார்டுக்குப் போனேன். அக்கா படுக்கையில் சாய்ந்திருந்தார். வயிற்றில் சின்னச் சின்னக் கட்டுகள். முகத்தில் களைப்பு, ஆனால் நெற்றியில் நான் பார்த்த அந்தச் சுளிப்பு இல்லை. கணவர் எழுந்து நின்று, கட்டில் பக்கத்து அலமாரியிலிருந்து மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். உள்ளே பழுப்பும் பச்சையுமாக, மிளகு அளவிலும் கொண்டைக்கடலை அளவிலும் கற்கள்.

"டாக்டரு குடுத்தாரு மிஸ்ஸி. பாருங்க. இவ்வளவும் இவ வயித்துல இருந்திருக்கு."

"வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்காரு," என்றார் அக்கா. குரல் கரகரப்பாக இருந்தது. "எதிர் கட்டிலுக்குப் பார்க்க வந்த சீனக் கிழவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்ப கொண்டுபோய்க் காட்டுனாரு. மானம் போகுது."

"ஏன், அவரு தம்ப்ஸ் அப் காட்டுனாரே."

"எதுக்குக் காட்டுனாருன்னு நெனக்கிறீங்க? தூரமாக் கொண்டு போகச் சொன்னாரு."

கணவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு மலாய்க் குடும்பம் பார்க்க வந்தது. குப்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தார்.

"பத்து, பத்து," என்று, கல்லுக்கான மலாய்ச் சொல்லைச் சொல்லி, அவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தொடங்கினார்.

"இங்க குடுங்க அத," என்றார் அக்கா.

அவர் திரும்பி வந்து கொடுத்தார். அக்கா அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா அந்தக் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். பிறகு காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். கலகலவென்று சத்தம் வந்தது. இன்னொரு முறை குலுக்கினார், இந்தத் தடவை பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி.